பதினொரு புத்தகங்களும் மூன்று கேள்விகளும்

1958 ஜூன் 9, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, பதினொரு புத்தகங்களைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, மலாக்கா காஜா பெராங் சாலையிலுள்ள தன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார் கலியாணசுந்தரம்.

வயது நாற்பத்து மூன்று. அரசாங்க ஸ்டோரில் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த ஸ்டோரிலிருந்து ஓர் ஆணி வெளியே போக வேண்டுமென்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். சேர்ந்து கிடந்த லீவை எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று மேலதிகாரி சொன்னதால் இரண்டு வாரம் எடுத்திருந்தார். முதல் நாள் முதல் வேலையாக மீன் வாங்கத்தான் போனார். வழியில் நண்பர் தேவதாஸ் கூப்பிட்டார்.

தேவதாஸ் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். வாசகசாலை ஒன்றின் அலமாரியைக் கரையானுக்குப் பயந்து காலி செய்துகொண்டிருந்தார். அதில் அடித்தட்டில் இருந்தது ஒரு கட்டு. சோலைமலை துப்பறியும் கதைகள். மொத்தம் பன்னிரண்டு. அதில் ஒன்றைக் கரையான் முழுக்கப் படித்து முடித்திருந்தது. மீதியைக் கலியாணசுந்தரம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சோலைமலைக்கு வயது பன்னிரண்டு. அவனிடம் ஒரு நாய், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு. ஊரில் எது தொலைந்தாலும் அவன்தான் கண்டுபிடிப்பான். மீசை வைத்த இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்தில் வந்து அவன் முதுகில் தட்டிக்கொடுப்பார். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பையனாக இருந்த காலத்தில், கலியாணசுந்தரம் இந்தக் கதைகளை இலக்கணப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து, அண்ணனிடம் அடி வாங்கியவர். கதையும் அடியும் சேர்ந்தே மனத்தில் தங்கிவிட்டன. லீவு முடிவதற்குள் பதினொன்றையும் மறுபடி படித்துவிடுவது, ஒரு நாளைக்கு ஒன்று, யார் தடுத்தாலும் நிற்பதில்லை என்று வீடு வந்து சேர்வதற்குள் தீர்மானம் செய்துவிட்டார்.

தடுக்க வேண்டியவள் அவர் மனைவி ருக்மணி. அவள் கட்டைப் பார்த்தாள். கேரியரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

"மீன் எங்கங்க?"

"இதைப் பாரு ருக்கு. முப்பது வருஷமாத் தேடினது."

"பார்த்தேன். இதுல குழம்பு எப்படி வைக்கிறது?"

அன்று கத்தரிக்காய்க் குழம்பு. அவர்கள் மகள் பத்மினி, பத்து வயது, மத்தியான வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டே ஒரு புத்தகத்தைப் புரட்டினாள். தான் இந்த மாதிரிப் புத்தகங்களைப் போன வருடமே விட்டுவிட்டதாகத் தகப்பனாருக்குத் தெரிவித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

கலியாணசுந்தரத்திடம் இன்னொரு தீர்மானமும் இருந்தது. அது பெரியது. வருடக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவது. அண்ணன் வீட்டில் வடக்குப் பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று அண்ணன் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஏப்ரல் மாதம் ருக்மணிக்கு வாசித்துக் காட்டினார். ருக்மணி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது கலியாணசுந்தரத்தின் பன்னிரண்டு வருடப் பழக்கம். இந்த வீட்டில் கோழி வளர்ப்பதில்லை என்று அவர் ஒருமுறை முடிவு செய்தபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கொல்லையில் ஆறு கோழிகள் இருந்தன. அதிலிருந்தும் அவர் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. லீவில் ஒரு நாள் கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போய் டிசம்பர் கப்பலில் இடம் விசாரித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். சோலைமலை வந்ததில் அது தள்ளிப்போயிற்று.

படிக்க ஆரம்பித்ததும் அவருக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. சின்ன வயதில் நெஞ்சு படபடக்கப் படித்த பாழடைந்த மண்டபம் இப்போது நாலே வரிதான் இருந்தது. சோலைமலை எந்தக் கதையிலும் பள்ளிக்கூடம் போவதாகத் தெரியவில்லை. அவன் தாயார் அவனை எங்கே போனாய் என்று ஒரு கதையிலும் கேட்கவில்லை. திருடர்கள் எல்லாரும், மழை பெய்து சேறான இடமாகப் பார்த்து, வெறுங்காலோடு நடந்தார்கள். எல்லாக் கதையிலும் முதலில் சமையல்காரியைச் சந்தேகப்பட்டார்கள். அவளும் எல்லாக் கதையிலும் அழுதாள்.

ஆனால் மூன்றாம் பக்கத்துக்குள் திருடன் யாரென்று கலியாணசுந்தரத்துக்குத் தெரிந்துவிட்டது. முதல் கதையில் தெரிந்தது. இரண்டாவது கதையிலும் தெரிந்தது. கணக்கப்பிள்ளைதான் என்று சொல்லி வைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் கணக்கப்பிள்ளைதான். முப்பது வருடத்துக்கு முன் படித்த கதை என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. தன் மூளை வயதாக ஆகக் கூர்மையாகி வருகிறது என்றுதான் நினைத்தார். ஸ்டோரில் ஆணி எண்ணியே வீணாகிவிட்டோமே என்றுகூட வருத்தப்பட்டார்.

இந்த மனநிலையில்தான் செவ்வாய்க்கிழமை வந்தது.

பகல் இரண்டரை மணி. சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, காப்பி கேட்டார். பதில் இல்லை. அடுப்படியில் ஆள் இல்லை. கொல்லையில் கோழிகள் மட்டும் இருந்தன. நாலு மணிக்கு ருக்மணி வாசல் வழியாக வந்தாள், முகத்தில் ஒரு சிரிப்போடு.

"எங்க போயிருந்த?"

"பக்கத்துலதான்."

"எந்தப் பக்கம்?"

"பக்கத்துப் பக்கம்."

இதற்குமேல் கேட்டால் காப்பி தாமதமாகும் என்பதால் நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அவர் நாலரை மணிக்கு வீடு திரும்பி, தயாராக இருக்கும் காப்பியைக் குடித்திருக்கிறார். அதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வெள்ளிக்கிழமையும் அதே இரண்டரைக்கு அவள் போய், அதே நாலுக்கு வந்தாள்.

கலியாணசுந்தரம் ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் 'தடயங்கள்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

ஒன்று, செருப்பில் வெள்ளை மணல்; தங்கள் வாசலில் இருப்பது செம்மண். இரண்டு, வாழையிலையில் சுற்றிய தேங்காய்க் கூவே, மலாய்ப் பலகாரம். இந்த வீட்டில் செய்தது இல்லை. மூன்று, ரசம் கொதிக்கும்போது ருக்மணி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு விரல் மடக்குகிறாள். நான்கு, அப்படி மடக்கும்போது தனியாகச் சிரிக்கிறாள். இதன் கீழே இரண்டு கோடு போட்டார். பன்னிரண்டு வருடத்தில் ருக்மணி ரசத்தைப் பார்த்துச் சிரித்து அவர் கண்டதில்லை.

சனிக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குற்றச்சாட்டை வைத்தார். சோலைமலை இப்படித்தான் செய்வான். எதிர்பாராத நேரத்தில் திடீரென்று கேட்பான். எதிராளியின் முகம் வெளிறிப்போகும்.

"ருக்கு, நீ என்கிட்ட ஏதோ மறைக்கிற."

"ஆமாங்க."

அவள் முகம் வெளிறவில்லை. இன்னொரு தோசையைப் போட்டாள். புத்தகங்களில் யாரும் இப்படி உடனே ஒப்புக்கொண்டதில்லை.

"என்னன்னு சொல்லு."

"நீங்கதான் பெரிய துப்பறியறவராச்சே. கண்டுபிடிங்க."

"கண்டுபிடிச்சா?"

ருக்மணி தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருவது அபூர்வம்.

ஏப்ரல் மாதம் வாசித்த கடிதத்துக்கு அவள் ஜூன் மாதம் பதில் சொன்னாள். ஊருக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை. அண்ணன் நல்லவர்தான். வடக்கு அறையும் நல்ல அறையாகத்தான் இருக்கும்.

"அங்க போனா நான் நாலாவது மருமகங்க. உப்பு ஜாடியத் தொடணும்னா மூணு பேரக் கேக்கணும். இங்க நான் ருக்மணி. இத்தனை நாளா அதைச் சொல்லத் தைரியம் வரல."

கலியாணசுந்தரம் தோசையில் ஒரு துண்டைப் பிய்த்தார். ஊர் என்றதும் அவர் மனத்தில் வருவது வாய்க்காலும் அண்ணனும். உப்பு ஜாடி வந்ததே இல்லை.

"அதுக்கும் நீ மறைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

பந்தயம் வைத்துக்கொள்ளலாம் என்றாள் ருக்மணி. மூன்று கேள்வி. எங்கே போகிறாள், யாரோடு இருக்கிறாள், எதற்காகப் போகிறாள். லீவு முடிவதற்குள் மூன்றுக்கும் அவர் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் அவள் வாய் திறக்காமல் டிசம்பர் கப்பலுக்குப் பெட்டி கட்டுவாள். ஒன்று தப்பினாலும் ஊர்ப் பேச்சை அவர் எடுக்கக்கூடாது. இங்கேயே இருப்பது.

கலியாணசுந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து கதையில் ஐந்து திருடனை மூன்றாம் பக்கத்திலேயே பிடித்தவர். நாலு தடயம் ஏற்கெனவே கையில் இருந்தது. சம்மதித்தார். ருக்மணி அந்த நோட்டையே வாங்கி, பந்தயத்தை மூன்று வரியில் எழுதி, தேதி போட்டு, இருவர் கையெழுத்துக்கும் இடம் விட்டுக் கொடுத்தாள். கையெழுத்துப் போடுவதென்றால் கிராணிக்கு ஒரு குஷி. போட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்தொடர்ந்தார். சோலைமலை மாறுவேடத்தில் போவான், தாடி ஒட்டிக்கொள்வான். தாடிக்கு வழியில்லை. தலையில் துண்டைச் சுற்றி முண்டாசு கட்டிக்கொண்டார். தேவதாஸிடம் கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். வெயிலில்லாத வேளையில் குடையையும் விரித்துக்கொண்டார். இந்தக் கோலத்தில் முப்பது அடி நடப்பதற்குள் காப்பிக் கடைச் சீனர் கையசைத்தார். அடுத்து, தலையில் தட்டோடு, வறுத்த கடலையும் பட்டாணியுமாகக் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டு வந்த மருதமுத்து நின்றுவிட்டான்.

"என்ன கிராணி, கண் வலியா?"

கலியாணசுந்தரம் பதில் சொல்லாமல் விலகி நடந்தார்.

"அம்மா முன்னாடி போறாங்க. கூப்பிடட்டுமா?"

கூப்பிட வேண்டாம் என்று சொல்லி, அவன் வாயை மூட ஒரு பொட்டலம் பட்டாணி வாங்க வேண்டியதாயிற்று.

ருக்மணி திரும்பியே பார்க்காமல் நடந்து செட்டிக் கம்போங் என்ற குடியிருப்புக்குள் நுழைந்தாள். மலாக்கா செட்டிகள் அங்கே பல தலைமுறையாக இருப்பவர்கள். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த வியாபாரிகளின் வம்சம். கோயில் உண்டு, திருநீறு உண்டு, பொங்கல் உண்டு. தமிழ் மட்டும் வழியில் எங்கோ கழன்றுவிட்டது. வீட்டில் பேசுவதெல்லாம் மலாய். அவர்களில் ஒருவரான நாகம்மாவின் வீட்டுப் படியில் ருக்மணி செருப்பைக் கழற்றினாள். வாசலெல்லாம் வெள்ளை மணல். கலியாணசுந்தரம் நோட்டில் ஒரு சரி போட்டார்.

பக்கத்து வேலியோரம் ஒரு ரம்புத்தான் மரம். அதன் பின்னால் நின்றால் ஜன்னல் தெரிந்தது. வட்ட மேசையைச் சுற்றி நாலு பெண்கள். சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாக நாகம்மா, அறுபது வயது, அக்கம்பக்கத்துக்கெல்லாம் 'பிபிக்', பெரியம்மா. பக்கத்தில் அவர் தங்கை பொன்னம்மா. எதிரே ருக்மணி. அவளுக்கு அடுத்து, பின்வீதி மல்லிகா. ருக்மணியைப் போலவே ஊரிலிருந்து கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். நாலு பேர் கையிலும் விரல் அகலத்தில் நீளநீளமான சீட்டு. செர்க்கி. அந்தப் பக்கத்துப் பெண்கள் மத்தியான வேளையில் ஆடும் சீட்டாட்டம்.

ருக்மணி சீட்டை விசிறி மாதிரி பிடித்திருந்தாள், பிறந்ததிலிருந்தே பிடித்தவள்போல. மேசை நடுவில் தீக்குச்சிகள் குவிந்திருந்தன. அவ்வப்போது ஒருத்தி வாயைப் பொத்திக்கொள்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள், அவள் ஒரு குச்சியை எடுத்துக் குவியலில் போடுவாள். மல்லிகாதான் அதிகம் போட்டாள். நாகம்மா ருக்மணியைப் பார்த்து ஏதோ கேட்டார். ஒரு லாரி போனதில் கேள்வி காதில் விழவில்லை. ருக்மணி சீட்டை வீசிவிட்டு, "டுவா பெலாஸ்" என்றாள். பன்னிரண்டு. 'பந்தயம் பன்னிரண்டு குச்சி' என்று அவர் எழுதிக்கொண்டார். விரல் மடக்கலுக்கும் இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டது. வந்த சீட்டு எத்தனை, போன சீட்டு எத்தனை என்று ரசத்தின் முன்னால் நின்று கணக்குப் போடுகிறாள்.

வீட்டுக்கு வந்து மீதிக் கதைகளை மும்முரமாகப் படித்து முடித்தார். ருக்மணிமேல் கோபம்கூட வரவில்லை. பெட்டிக்குப் புதுக் கயிறு வாங்க வேண்டுமே என்பதுதான் யோசனையாக இருந்தது. ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல். சீட்டுப் பிடித்தபோது அவள் முகத்தில் இருந்த களையை, அண்ணன் வீட்டு அடுப்படியில் வைத்து நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. அந்த நினைப்பைச் சோலைமலை அங்கீகரிக்க மாட்டான் என்று தள்ளிவைத்தார்.

ஜூன் 20, வெள்ளிக்கிழமை. லீவு முடிய ஒரு நாள். எல்லாக் கதையிலும் கடைசி அத்தியாயத்தில் சோலைமலை அனைவரையும் ஒரு கூடத்தில் கூட்டி வைத்துத்தான் உண்மையை உடைப்பான். கூடமும் ஆட்களும் நாகம்மா வீட்டிலேயே தயாராக இருந்ததால் அந்தச் சிரமம் மிச்சம். மூன்று மணிக்குக் கலியாணசுந்தரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நோட்டோடு படியேறினார்.

யாரும் சீட்டை ஒளிக்கவில்லை. பொன்னம்மா ஒரு நாற்காலியை நகர்த்தினார். நாகம்மா மலாயில் உட்காரச் சொல்லி, தேநீரும் கூவேயும் வைத்தார். கலியாணசுந்தரம் உட்காரவில்லை. தொண்டையைக் கனைத்தார்.

"முதல் கேள்வி, எங்கே. இதே வீடு. என் மனைவியின் செருப்பு மணலே அதற்குச் சாட்சி."

நாகம்மா மேசை நடுவிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து அவருக்கு நேராக வைத்தார். கலியாணசுந்தரம் அதை ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"இரண்டாவது, யாரோடு. நாகம்மா பிபிக், பொன்னம்மா, மல்லிகா."

இன்னொரு குச்சி வந்தது. தன் பெயர் வந்ததில் மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. உற்சாகமாகிவிட்டார். மாறுவேடத்தைச் சொன்னார். ரம்புத்தான் மரத்தைச் சொன்னார். தேங்காய்க் கூவேயின் வாசனையை ஆராய்ந்ததைச் சொன்னார். அவர் பேசப் பேச நாகம்மா ஒவ்வொரு குச்சியாக அவர் முன் அடுக்கிக்கொண்டே இருந்தார். குவியல் தீர்ந்து, பொன்னம்மா உள்ளே போய்ப் புதுப் பெட்டி எடுத்து வந்தார்.

"மூன்றாவது, எதற்காக. சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சூதாட்டம்."

நோட்டை மூடினார். இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் வந்து முதுகில் தட்ட வேண்டும்.

ருக்மணி கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டு சரிங்க."

"மூணும் சரி. கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன்."

"சீட்டு ஆடறது நெசம்தான். ஆனா அதுக்காக வரல. பிபிக் வீட்ல பாடப் புத்தகம் இல்ல, சீட்டுதான் இருக்கு. ஆடினா எண்ணணும், கேக்கணும், திட்டணும். எல்லாம் மலாய்லதான் செய்யணும். தமிழ்ல வாய் திறந்தா ஒரு குச்சி அபராதம்."

கலியாணசுந்தரம் குனிந்து பார்த்தார். அவர் முன்னால் ஒரு சின்ன விறகுக் கட்டு இருந்தது. நாற்பத்தேழு என்று பொன்னம்மா மலாயில் அறிவித்தார். இதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லையாம்.

"மலாய் எதுக்கு?"

ருக்மணி சீட்டுப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். குடியுரிமை விண்ணப்பம். போன ஆகஸ்டில் சுதந்திரம் வந்ததிலிருந்து ஊரே அந்தத் தாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அவர் மட்டும், போகிறவனுக்கு எதற்கு என்று, கையால் தொடாமல் இருந்தார். வெளியிலிருந்து வந்தவர்கள் இத்தனை வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும், கொஞ்சம் மலாய் பேசத் தெரிய வேண்டும். எத்தனை வருடம் இங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு ருக்மணி செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று சொல்லிப் பழகியிருக்கிறாள்.

"இதை ஏன் ஒளிச்ச? நல்ல காரியம்தானே?"

"நீங்களே நல்ல காரியம்னு சொல்லிட்டீங்க. பிபிக், கேட்டுக்குங்க."

இந்தத் தமிழுக்குத் தானே ஒரு குச்சியை எடுத்து மேசை நடுவில் போட்டுவிட்டு அவள் தொடர்ந்தாள்.

"அந்தப் புத்தகம் பதினொண்ணையும் நானும் படிச்சேன், நீங்க தூங்கற நேரத்துல. அதுல ஒளிக்கிறவன் எல்லாம் திருடன். நல்லதை ஒளிச்சு வச்சவங்க ஒருத்தர்கூடக் கிடையாது. சின்னப் பிள்ளைக்கு அது போதும். அவங்க மிட்டாய் திருடினா மட்டும்தான் ஒளிப்பாங்க. உங்களுக்கு நாப்பத்து மூணு வயசுங்க. எப்படியும் திருட்டுன்னுதான் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் மூணாவது கேள்வியை வச்சேன்."

கலியாணசுந்தரம் அப்போதுதான் உட்கார்ந்தார். தேநீர் ஆறிப் போயிருந்தது. குடித்தார். பதினொரு கதையையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. முப்பது வருடம் கழித்து அவர் படித்தது அதே புத்தகத்தைத்தான்; ஆனால் அதே பையன்தான் படித்திருக்கிறான்.

பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் விண்ணப்பத்தைப் பார்த்தார். கீழே இன்னொன்றும் இருந்தது. அது அவர் பெயரில். பிறந்த ஊர், வந்த வருடம், வேலை எல்லாம் சுத்தமாக நிரப்பியிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பூதக்கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை. இருபது வருடம் ஸ்டோர் தாள் பார்த்த கண் தானாகத் தேதிக்குப் போயிற்று. நன்னடத்தைக்குச் சாட்சி, தேவதாஸ். தேதி, ஜூன் 5. புத்தகம் அவர் கைக்கு வந்தது ஜூன் 9.

அவர் நிமிர்ந்து ருக்மணியைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் அவர் சரியாகப் படித்த முதல் தடயம் அதுதான்.

"தேவதாஸ் அந்தப் புத்தகத்தைத் தானா குடுத்தானா?"

"லீவு எடுத்தா நீங்க கப்பல் ஆபீசுக்குப் போவீங்க. ரெண்டு வாரம் வீட்ல உட்கார வைக்க ஏதாச்சும் குடுங்கண்ணேன்னு கேட்டேன். கறுப்புக் கண்ணாடியும் அவர்கிட்டதான் வாங்கினீங்களாமே. சொல்லிச் சிரிச்சார்."

பேனாவை மல்லிகா நீட்டினாள். நாகம்மா ஏதோ சொன்னார். கையெழுத்துப் போட்டால் அபராதம் முழுதும் தள்ளுபடி என்று பொன்னம்மா சைகையில் விளக்கினார். கலியாணசுந்தரம் தன் நோட்டில் தானே போட்ட கையெழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் போட்டார். போட்டதும், எதிர்பாராத விதமாக, பசித்தது. மூன்று கூவே சாப்பிட்டார்.

திரும்பும்போது இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். எதிரே மருதமுத்து வந்தான். கிராணிக்குக் கண் சரியாகிவிட்டதா என்று அவன் விசாரித்ததற்கு, இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று ருக்மணி பதில் சொன்னாள். கலியாணசுந்தரம் ஆட்சேபிக்கவில்லை. அன்று சாயங்காலம் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். வடக்கு அறையில் நெல் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்.

குடியுரிமைக்கான மலாய்த் தேர்வு நெருங்கியபோது, நீங்களும் ரெண்டு நாள் வந்து மேசையில் உட்காருங்களேன் என்று ருக்மணி கூப்பிட்டாள். இருபது வருட அரசாங்கக் கிராணிக்குச் சீட்டாட்ட மலாய் எதற்கு என்று அவர் சொல்லிவிட்டார். எத்தனை மூட்டை, எங்கே இறக்குவது, யார் கையெழுத்து என்பதையெல்லாம் அவர் தினமும் மலாயில்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ருக்மணி ஒன்றும் சொல்லவில்லை.

1958 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, மலாய் வாய்மொழித் தேர்வில் ருக்மணி தேறினாள். கலியாணசுந்தரத்தை நவம்பரில் மறுபடி வரச் சொன்னார்கள்.